பக்கத்து சீட்டில் அரிசி மூட்டை

வண்டி ஹாரன் அடித்தது வடிவுக்கு நன்றாகவே கேட்டது. கேட்கவில்லை என்று பிற்பாடு யாரிடமாவது சொன்னால் அது பச்சைப் பொய். சங்கரன்கோவிலில் கிளம்பியதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஹாரன், மாடு கத்துகிற மாதிரி இழுத்து இழுத்து ஒரு சத்தம், அதை இந்த ஹம்பியில் வேறு எந்த வண்டியும் போடாது. எழுந்திரிக்கணும் என்றுதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ராஜா நவராத்திரிக்கு வந்து உட்கார்ந்து கூத்தும் மல்யுத்தமும் பார்த்த மேடையாம் இது, கைடு சொன்னான். மேடை என்றால் நம்ம ஊர்க் கல்யாண மேடையா, அடுக்கு அடுக்காகக் கல், ஏறி முடிக்கிறதுக்குள் முட்டி இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. மற்றவர்கள் ஏறினார்கள், போட்டோ எடுத்தார்கள், என்னா வெயில் என்றார்கள், இறங்கிவிட்டார்கள். வடிவு மட்டும் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. கூட்டம் ஜோடி ஜோடியாக வண்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. அதோ தங்கச்சி பகவதி, ஊதாச் சேலை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் வீட்டுக்காரர் நெல்லையப்பனின் தோள்பை. அந்த மனுஷனுக்குத் தன் பையைத் தானே தூக்கினால் ஆகாது. இப்போது கூப்பிட்டால்கூடக் கேட்கும். ஏட்டி பகவதி, நில்லு, வாரேன் என்று ஒரு குரல் விட்டால் போதும். மாணவியர் விடுதியில் மாடிக்கும் கீழுக்கும் குரல் கொடுத்தே காலத்தைக் கழித்தவளுக்கு அது ஒரு காரியமே இல்லை. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கூடப் பிறந்தவள்தானே, அந்த மதில் வாசல்கிட்டப் போனதும் அக்கா எங்கே என்று பார்ப்பாள் என்று தோன்றியது. மதில் வாசலில் பகவதி பார்க்கவில்லை. சரி, வண்டி வாசலில் பார்ப்பாள். வண்டி வாசலில் பகவதி குடையை மடக்கினாள், வீட்டுக்காரரை முன்னால் ஏறவிட்டாள், தானும் ஏறினாள். சரி, உள்ளே போய்ப் பார்ப்பாள். உள்ளே போனவள் என்ன பார்த்தாளோ, அது மேடையிலிருந்து தெரியவில்லை. பார்ப்போமே என்று வடிவு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. யாத்திரை நடத்துகிற குற்றாலலிங்கம் அண்ணாச்சி ஆளை எண்ண மாட்டார். மனுஷ உருவை விரல் நீட்டி எண்ணினால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடும் என்று அவருக்கு அப்படி ஒரு பயம். முன்னே ஒரு தடவை காசிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எண்ணித் தொலைத்தாராம், மறுநாளே ஒரு பெரியவர் சத்திரத்தில் படுத்தவர் எழுந்திரிக்கவில்லையாம். அதிலிருந்து எண்ணுகிற பேச்சே கிடையாது, ஜோடிதான். வண்டி கிளம்பும்போது முன்னால் நின்று ஜோடி சரியா என்று கேட்பார். பக்கத்துச் சீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லாரும் சரி என்று கத்த வேண்டும், இல்லையென்றால் பக்கத்து ஆள்தான் கையைத் தூக்க வேண்டும். கேட்ட அன்றைக்கே இது உருப்படாத ஏற்பாடு என்று வடிவுக்குத் தெரியும், விடுதியில் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பழகின கை அவளுடையது. ஆனால் இன்னொருத்தர் நடத்துகிற யாத்திரையில் நாம் என்னத்தைச் சொல்ல என்று இருந்துவிட்டாள். அப்போது அவளுக்கும் ஜோடி இருந்தது, பகவதிதான் ஜோடி. ஜன்னல் ஓரம் அக்கா, இந்தப் பக்கம் தங்கச்சி, நடுவில் முறுக்குப் பொட்டலம், ராயலசீமைப் பாறைகளைப் பார்த்து இரண்டு பேரும் என்னத்தையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மந்திராலயம் தாண்டியதும் நெல்லையப்பனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முன் சீட்டில்தான் ஆட்டம் குறைவு, பக்கத்தில் பெண்டாட்டி இருந்து நீவிவிட வேண்டும். ஏட்டி, நீ போ, எனக்கென்ன, நான் எங்கேயும் உக்காந்துக்கிடுவேன் என்று சொன்னவள் வடிவுதான், யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. முன் சீட்டுத் தம்பதி இவர்கள் சீட்டுக்கு வந்தார்கள், இவள் நெல்லையப்பன் இருந்த கடைசி சீட்டுக்குப் போனாள். அங்கே சமையல்காரர் முத்தையாவின் அரிசி மூட்டை, அதற்கு மேலே சுருட்டின பாய், காலடியில் அண்டா. அன்றிலிருந்து ஜோடி சரியா என்று கேட்டால் வடிவு தனக்குத் தானே சரி சொல்லிக்கொள்வாள். இன்றைக்கு யார் சொல்லுவார்கள், அரிசி மூட்டையா சொல்லும்.

வண்டி உறுமியது. பின்னுக்கு வந்து, வளைந்து, மரத்து நிழலை விட்டு ரோட்டில் ஏறியது. கூரை மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் புழுதி தெரிந்தது. வடிவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடப்பாவி மக்களா, நிஜமாகவே போய்விட்டீர்களே. சிரித்து முடிப்பதற்குள் கழுத்துக்குக் கை போனது. கழுத்தில் தொங்குகிற அட்டையில் அண்ணாச்சி நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, போன் இருக்கிறது, போனில் சார்ஜும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அடுத்துப் பார்க்க வேண்டிய அணைக்கட்டுக்குப் போகிற வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நம்பரைப் பாதி அழுத்தினாள். நிறுத்தினாள். தானே கூப்பிட்டுவிட்டால், பகவதி தன்னைத் தேடினாளா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஊருக்குப் போனதும் பகவதிக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் இதில் சங்கடம். சங்கரன்கோவில் வீட்டை வித்துட்டு எங்ககூடப் பாளையங்கோட்டைக்கு வந்திரு அக்கா, மாடி ரூம் சும்மாதான கிடக்கு, ஒத்தையில கிடந்து என்ன செய்யப்போற என்று கார்த்திகையிலிருந்து நச்சரிக்கிறாள். நல்ல மனசோடுதான் கேட்கிறாள், அதில் குறை சொல்ல முடியாது. வடிவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ராத்திரி கதவைப் பூட்டும்போது உள்ளே இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் கேட்டால் எவ்வளவு நிம்மதி. ஆனால் வீட்டை விற்றபிறகு திரும்பிப் போக ஓர் இடம் இருக்காது. மாடி ரூம் என்பது கடைசி சீட்டு மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது. யாத்திரைக்கு வந்ததே அதைப் பார்த்துவிடத்தான், கூடவே இருந்தால் தெரிந்துவிடும் என்று. சரி, இப்போது பார்த்துவிடலாம். போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

இறங்குவது ஏறுவதைவிடப் பாடு. பக்கவாட்டில் திரும்பிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்து இறங்க வேண்டியிருந்தது. சுவர் பூராவும் யானை, குதிரை, வேட்டைக்காரன், ஆடுகிற பெண்கள். வெயில் குடித்த கல் கையைச் சுட்டது. கை வைத்த இடத்தில் ஒரு ஆட்டக்காரி, மூக்கும் வாயும் தேய்ந்து வழுவழுத்துப் போனவள், இடுப்பை மட்டும் இன்னும் ஒடித்துக்கொண்டு நிற்கிறாள். கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி என்று அவள் தலையைப் பிடித்துத்தான் கடைசிப் படி இறங்கினாள். கீழே அரண்மனை என்கிறார்கள், எங்கே இருக்கிறது அரண்மனை. தரைதான் இருக்கிறது. மேலே கட்டினதெல்லாம் மரமாம், தீ வைத்ததில் போய்விட்டதாம், கல் அடித்தளம் மட்டும் மிச்சமாம். எங்கே திரும்பினாலும் மொட்டைத் தரை, தூண் நின்ற குழி, நாலு படி ஏறி வெறும் ஆகாசத்தில் முடிகிற படிக்கட்டு. இது பூசை அறையாக இருக்குமோ, இது அடுப்படியோ, இங்கே காற்று நன்றாக வந்திருக்குமே என்று வீடு பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொரு தரையிலும் ஏறி இறங்கினாள். ஓரிடத்தில் கல்லிலேயே செய்த கதவு ஒன்று கிடந்தது. கதவு இருக்கிறது, வீட்டைக் காணோம். தோற்றுப்போன சேதி வந்ததும் அரண்மனைக்காரர்கள் யானை யானையாகப் பொன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று கைடு சொன்னபோது எல்லாரும் எத்தனை யானை, எவ்வளவு பொன் என்றுதான் கேட்டார்கள். வடிவுக்கு வேறு கேள்வி, கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த அவசரத்தில் யாரை விட்டுவிட்டுப் போனார்கள்? யாராவது ஒருத்தி இருந்திருப்பாளே. ராணிக்குத் தலைவாரிவிட்டவளோ, பிள்ளைக்குச் சோறு ஊட்டினவளோ, எதையோ மறந்துவிட்டோம் என்று எடுக்க உள்ளே போயிருப்பாள், வெளியே வந்து பார்த்தால் வாசலில் யானைச் சாணம்தான் கிடந்திருக்கும். என்னை விட்டுட்டுப் போவாகளா, வருவாக என்று அவளும் இந்தப் படியில்தான் உட்கார்ந்திருப்பாள். எதிரிப் படை வந்து சேர அதிக நாள் ஆகவில்லை என்றும் கைடு சொன்னான்.

பகவதி ஒன்றும் கெட்டவள் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்ததெல்லாம் தங்கவில்லை, அதனால் வடிவுக்கு அவள் தங்கச்சியும் மகளுமாகத்தான் இருந்தாள். அப்பா போனபோது பால்பல் விழாத பிள்ளை. வடிவுக்கு விடுதியில் வேலை கிடைத்து அங்கேயே தங்க வேண்டி வந்ததும், சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வருகிற பஸ்ஸுக்கு மதியமே போய் நிற்குமாம். வெயிலில் முகம் கறுத்து, கவுன் பொத்தான் மாறிப் போட்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு. அந்தப் பிள்ளையா இது. பிள்ளை அதுதான், வருஷம்தான் வேறு. தென்காசியிலிருந்து வடிவுக்கு ஒரு வரன் வந்ததே, சிதம்பரநாதன், கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெயர் மறந்துபோச்சு என்றுதான் இவள் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள், மறக்கவெல்லாம் இல்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். ஆம்பிளைகளில் அப்படி வாங்குகிறவரை அதற்கு முன்னும் பின்னும் அவள் பார்த்ததில்லை. அன்றைக்குப் பகவதி இவள் சேலையைப் பிடித்தவள் விடவே இல்லை, எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போகக்கூடாது என்று ஒரே அழுகை. வந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், என்ன பாசம் என்ன பாசம் என்று மெச்சிக்கொண்டார்கள். பிள்ளை இவளை விட்டு இருக்காது, கொஞ்ச நாள் போகட்டும் என்றாள் அம்மா. கொஞ்ச நாள் போனது. அவர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அப்புறம் வந்ததெல்லாம் தானாகவே தட்டிப்போயிற்று, வடிவும் எதையும் எட்டிப் பிடிக்கவில்லை. இதற்காகத் தங்கச்சி மேல் கோபம் உண்டா என்றால் இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இந்தக் கல்லில் உட்கார்ந்து யோசித்தால் இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது. போகக்கூடாதுன்னு பிடிச்சு வச்சவ நீதானட்டி, அப்போ நான் இருக்கேனா இல்லையான்னு பாக்க வேண்டியதும் நீதான். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள், வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

புல்லுக்கு ஹோஸில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, வடிவைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவள். ஹோஸைத் தரையில் போட்டுவிட்டுக் கிட்டே வந்தாள். கன்னடத்தில் என்னவோ கேட்டாள், வடிவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு விரலைத் தூக்கிக்காட்டி, ஒப்ரேனா என்றாள். அது பிடிபட்டது. ஒருத்திதானா என்று கேட்கிறாள். வடிவு வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லம்மா, தங்கச்சி இருக்கா, தங்கச்சி மாப்பிள்ளை இருக்காரு, வண்டி நிறைய ஆள் இருக்கு என்று கையை அகல விரித்துக் காட்டினாள். அந்தப் பெண்பிள்ளை வண்டிகள் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு ஆட்டோவும் இளநீர் வண்டியும்தான் நின்றன. சரி சரி என்கிற மாதிரி தலையை அசைத்துவிட்டு ஹோஸை எடுத்து இவள் கையில் தண்ணீர் பிடித்தாள். வடிவு முகத்தைக் கழுவிக்கொண்டாள். யாரென்று தெரியாத ஒருத்தி இரண்டு நிமிஷம் பார்த்ததில் கண்டுபிடித்துவிட்டாளே என்று இருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அவள் கைடையோ போலீஸையோ கூப்பிட்டுவிடுவாள், அவர்கள் அட்டையைப் பார்த்து அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிடுவார்கள், அப்புறம் எல்லாம் கெட்டுப்போகும். நன்றாக இருக்கிறேன் என்று சிரித்துக் காட்டிவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தாள்.

குளம் அழகுதான், இல்லை என்று சொல்ல முடியாது. கறுப்புக் கல்லில் சின்னச் சின்னப் படியாக நாலு பக்கமும் இறங்கி, அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். தூண் மேல் தூக்கி வைத்த கல் வாய்க்கால் ஒன்று எங்கிருந்தோ வந்து அதில் முடிகிறது, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்தாள். விடுதியில் முப்பிடாதி என்று ஒரு பிள்ளை இருந்தது. சாயங்காலம் பேர் கூப்பிடும்போது முப்பிடாதி என்றால் உள்ளேன் அம்மா என்று குரல் வரும், ஆனால் தட்டு ஒன்று மிச்சம் இருந்தது. பக்கத்துப் பாய்க்காரி அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறாள், பாத்ரூம் போயிருப்பா என்று நினைத்து. வடிவுக்கு அன்றைக்கு உசிரே இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாள், கேட்டுக்கு வெளியே ஓடினாள், கடைசியில் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பிள்ளை. யாரும் அடிக்கவில்லை, யாரோடும் சண்டை இல்லை. ஏன் இங்கே வந்து உட்கார்ந்தே என்றால், சும்மாதாம்மா என்றது. சும்மா உட்காருகிறவளுக்கு முகம் அப்படியா இருக்கும். வடிவு கீழே கூட்டிப்போய் ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தாள், தின்றது, தூங்கிவிட்டது. அதிலிருந்துதான் குரலை நம்பாமல் தலையைத் தொட்டு எண்ணுகிற பழக்கம் வந்தது. ஒவ்வொரு தலையிலும் ஒவ்வொரு எண்ணெய் வாசனை. சில பிள்ளைகள் தொடும்போது தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், முப்பிடாதியும் அப்படித்தான் கொடுக்கும். சும்மா என்றால் என்ன என்று இப்போது வடிவுக்குத் தெரிகிறது. யாராவது மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் சும்மா.

கையில் இருந்த போன் அதிர்ந்தது. பதறிப்போய்ப் பார்த்தால், உங்கள் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று கம்பெனிக்காரன். நாசமாகப் போக. அவனாவது நினைத்தானே என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ஹூப்ளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவளைக் கூப்பிட்டுத் தங்களை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னது. தாத்தா, பிள்ளைகள், மருமகள்கள் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள், ஒரு மருமகளைக் காணோம் என்று எடுக்கவிடாமல் காத்திருந்தார்கள். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் எடுக்கவிட்டார்கள். அவர்களும் போனபிறகு இடம் ரொம்ப அமைதியாகிவிட்டது. ஒரு குரங்கு மட்டும் மதில் மேல் உட்கார்ந்து இவள் பையையே கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தது. இப்படியே இருட்டிவிட்டால்? முட்டி மடங்கி இந்தப் படியில் உருண்டுவிட்டால்? போன கார்த்திகையில் காய்ச்சலில் கிடந்தாளே, எழுந்து தண்ணீர் குடிக்கத் தெம்பில்லாமல். கேட்டில் மாட்டின பால் பாக்கெட் அப்படியே தொங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பால்காரர்தான் கதவைத் தட்டினார். பகவதிக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னபோது துடித்துப்போனாள், காரைப் பிடித்து வந்தாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அன்றைக்குத்தான் வீட்டை வித்திரு அக்கா என்று முதல் தடவை சொன்னது. சொன்னால் வருவாள். எப்போதுமே சொன்னால் வருவாள். சொல்லாமல் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது என் தப்பா, இந்த வயதில் இது என்ன பச்சைப்பிள்ளை வேலை, எந்தக் கூறுகெட்டவளாவது வேணுமென்று வண்டியைத் தவறவிடுவாளா. ஆனால் ஒரே ஒரு தடவை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எனக்கு அது வேணும். இருட்டுகிற வரைக்கும் பார்க்கலாம் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. பகவதி. திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் வடிவுக்குக் கண்ணில் குபுக்கென்று தண்ணீர் முட்டிவிட்டது. தேடிட்டா. என் தங்கச்சி தேடிட்டா. இத்தனை நேரம் மனசுக்குள் திட்டினதுக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பதறாதட்டி, பத்திரமா இருக்கேன், தப்பு என்மேலதான், ஹாரன் கேட்டும் நான்தான் எந்திரிக்கலை என்று சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த ஒரு நொடியில் அடுக்கிவிட்டாள். மாடி ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட யோசித்துவிட்டாள். விரல் வழுக்கி வழுக்கி ஒருவழியாகப் பொத்தானைத் தள்ளினாள்.

"ஏக்கா," என்றாள் பகவதி. பின்னால் வண்டிச் சத்தம், யாரோ பழைய பாட்டுப் போட்டிருந்தார்கள். "அவுகளுக்கு வயித்தைப் பிரட்டுதாம். உன் பையில எலுமிச்சம்பழம் கிடக்கும்லா, ஒண்ணை முன்னால குடுத்து விடேன்."

வடிவின் கை பைக்குள் போய்விட்டது. பாழாய்ப்போன கை, அது பாட்டுக்குப் போய்ப் பழத்தைத் தேடிப் பிடித்துவிட்டது. பிடித்தபிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"தூங்கிட்டியாக்கா? கேக்குதா?"

"கேக்குது. நான் வண்டியில இல்லட்டி."

"என்னது?"

"எந்திரிச்சுப் பின்னால பாரு."

பகவதி எழுந்திருப்பது கேட்டது. வளையல் கம்பியில் இடிக்கிற சத்தம், யாரையோ தள்ளிக்கொண்டு போகிற சத்தம். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அண்ணாச்சியின் குரல், முத்தையாவின் குரல், ஜோடி சரின்னுதான சொன்னீங்க என்று யாரோ யாரையோ கேட்டார்கள். பகவதி திரும்பவும் போனுக்கு வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். அணைக்கட்டுல இறங்கும்போதும் முட்டி வலின்னு நீ பின்னாலயே இருக்கேன்னுல்லாக்கா நெனச்சேன் என்றாள், அதையே மறுபடி மறுபடி சொன்னாள். எங்கே இருக்கிறாய், பயமாக இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். வடிவு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அண்ணாச்சி ஆட்டோக்காரர் ஒருத்தருக்குப் போன் போடுகிறார், அங்கேயே இரு, ஆட்டோ வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்றாள் பகவதி. எப்போதும் போல என்றால் வடிவு, ஆட்டோ போதும்ட்டி, நீ அழாதே என்றிருப்பாள். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

"நீ வா பகவதி," என்றாள். "ஆட்டோவிலயே வா. ஆனா நீ வா."

அந்தப் பக்கம் நெல்லையப்பன் ஓங்கரிக்கிற சத்தமும், பழம் எங்கட்டி என்று அவர் கேட்கிறதும் கேட்டன. வடிவு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இப்படி ஒரு பதிலுக்காகக் காத்திருந்ததில்லை.

"அவுகளை இந்த நெலமையில விட்டுட்டு எப்படிக்கா வர," என்றாள் பகவதி, கெஞ்சுகிற குரலில். "ஆட்டோ வந்திரும்க்கா."

மதில் மேலிருந்த குரங்கு இறங்கிப் போய்விட்டிருந்தது. தண்ணீர் பிடிக்கிற பெண்பிள்ளை ஹோஸைச் சுருட்டிக்கொண்டே இங்கே பார்த்தாள். வடிவுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். துக்கம் வந்தது, நிறைய வந்தது. ஆனால் இவ்வளவு நாள் மனசு கிடந்து அலைந்தது நின்றுவிட்டது.

"சரி, ஆட்டோவை அனுப்பு," என்றாள். "வீட்டை நான் விக்கலை பகவதி."

இப்ப எதுக்குக்கா அந்தப் பேச்சு என்று பகவதி அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"இப்பத்தான் முடிவு பண்ணினேன். நீ போய் மாப்பிள்ளையைக் கவனி. முத்தையாகிட்ட பழம் இருக்கும், கேளு."